வாகனக் கேள்வி பதில்: ஏறாத ஹீற் மீற்றர் ஊசியும், மாற்றியும் பயன் தராத சென்சரும்

கேள்வி: ஐயா, நெல் ஏற்றுவதற்காக நாலு சிலிண்டர் கொமன்ரெயில் டீசல் லொறி ஒன்று வைத்திருக்கிறேன். சில வாரங்களாக ஹீற் மீற்றர் ஊசி அடியிலேயே கிடக்கிறது. எஞ்சின் எச்சரிக்கை விளக்கும் எரிகிறது. காலையில் சாவியைத் திருப்பினால் ஹீற்றர் பிளக் விளக்கு நீண்ட நேரம் அணையாமல் நிற்கிறது. ஸ்ரார்ட் ஆனதும் புகையும் அதிகம். கூலன்ற் சென்சர்தான் பழுது என்று கராஜில் சொல்லி, ஒற்றை வயர் உள்ள ஒன்றை வாங்கிப் பூட்டினார்கள். எந்த மாற்றமும் இல்லை. உண்மையான சென்சர் எங்கே இருக்கும்? அதை நானே மாற்றலாமா? அடுத்த கிழமை பதுளைக்கு ஒரு லோட் இருக்கிறது. – லொறி உரிமையாளர் ஒருவர், களுவாஞ்சிகுடி.

பதில்: உங்கள் கடிதத்திலேயே விடைக்கான துப்பு இருக்கிறது. ஊசி ஏறாததும், காலையில் ஹீற்றர் பிளக் (ஸ்ரார்ட் செய்யுமுன் சிலிண்டரைச் சூடாக்கும் உறுப்பு) விளக்கு அணையாததும் ஒரே காலத்தில் தொடங்கியிருக்கின்றன. நமது கரையோரத்தில் மார்கழி விடியற்காலையிலும் குளிர் என்று சொல்லத்தக்க குளிர் எஞ்சினுக்கு இல்லை. அந்த விளக்கு எரிந்த கையோடு அணைந்துவிட வேண்டும். அது நீண்ட நேரம் நிற்கிறதென்றால், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் ஈசியு என்ற கணினிப் பெட்டி, தான் ஏதோ பனிப்பிரதேசத்தில் நிற்பதாக நம்பிக்கொண்டிருக்கிறது என்று பொருள். எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேற்றருக்கு விடாமல் தடுக்கும் வால்வான தேர்மோஸ்டாட் இல்லாவிட்டாலும், அது திறந்தபடி இறுகிவிட்டாலும் ஊசி தாழ்ந்து நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் இரவு முழுவதும் நின்று ஆறிய எஞ்சினில் தேர்மோஸ்டாட்டுக்கு வேலையே இல்லை. ஆகவே காலைநேரக் கோளாறு தேர்மோஸ்டாட்டைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுகிறது. மீற்றரும் ஈசியுவும் ஒரே இடத்திலிருந்து தகவல் பெறுகின்றன, அந்தத் தகவல்தான் பிழையாக வருகிறது என்பதே மிகப் பொருத்தமான விளக்கம்.

ஈசியுவுடன் பேசும் கூலன்ற் (எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்க்கலவை) சென்சருக்குப் பொதுவாக இரண்டு வயர்கள் இருக்கும். அதன் பித்தளைக் கூட்டுக்குள் இருப்பது, சூடு ஏற ஏறத் தன் மின்தடை குறைந்துகொண்டு போகும் ஒரு சிறு குறைகடத்தித் துண்டு. ஈசியு ஒரு வயரில் 5 வோல்ற் அனுப்பி, அது எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்து வெப்பநிலையைக் கணிக்கிறது. சென்சருக்குள்ளோ வயரிலோ தொடர்பு அறுந்துவிட்டால் அந்த 5 வோல்ற் இறங்காமல் அப்படியே நிற்கும். அளவற்ற தடையை அளவற்ற குளிர் என்றே ஈசியு எடுத்துக்கொள்ளும். அவ்வேளையில் ஈசியுவின் பிழைகளைப் படிக்கும் ஸ்கேனரைப் பொருத்திப் பார்த்தால் பெரும்பாலும் மறை 40 பாகை செல்சியஸ் என்ற எண்ணும், பி 0118 என்ற பிழைக் குறியீடும் காணப்படும். சில வாகனங்களில் ஈசியு இதைக் கண்டுபிடித்தவுடன் ஒரு கற்பனை வெப்பநிலையை வைத்துக்கொண்டு எஞ்சினை ஓட்டும்; அதனால் லொறி ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் டீசல் அளவும் பாய்ச்சும் நேரமும் சரியாக அமையா. நீங்கள் சொல்லும் புகை இதன் விளைவே.

அப்படியானால் கராஜில் மாற்றிய ஒற்றை வயர் சாமான் என்ன? எஞ்சினில் வெப்பம் அறியும் உறுப்பு ஒன்றுதான் இருக்கும் என்ற எண்ணத்தில் பலரும் இந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். பழைய லொறிகளில் மீற்றருக்குச் சூட்டைச் சொல்லும் ஒற்றை வயர் உறுப்பு (இதைச் சென்டர் என்பார்கள்) ஒன்றும், சூடு எல்லை கடந்தால் விளக்கையோ பஸரையோ இயக்கும் சுவிட்ச் ஒன்றும் அருகருகே இருக்கும். கொமன்ரெயில் எஞ்சின் வந்த பிறகு ஈசியுவுக்கான இரண்டு வயர் சென்சர் சேர்ந்தது. சில தயாரிப்புகளில் மீற்றருக்கும் ஈசியுவுக்கும் சேர்த்து மூன்று முனைகள் கொண்ட ஒரே சென்சர். பிந்திய பல வாகனங்களில் மீற்றருக்குத் தனிச் சென்டரே கிடையாது, ஈசியு தான் அறிந்ததை மீற்றருக்குச் சொல்லிவிடுகிறது. உங்களுடையது இந்தக் கடைசி வகையாகவே இருக்க வேண்டும். மாற்றப்பட்டது பெரும்பாலும் எச்சரிக்கை சுவிட்ச். அது புதிதாக இருப்பதில் கேடில்லை, அதன் எண் பழையதோடு ஒத்திருந்தால் அப்படியே இருக்கட்டும்.

இனி இடத்தைத் தேடுவோம். கெபினைச் சரித்து, தாங்கு கம்பி நன்றாகப் பூட்டிக்கொண்டதை உறுதி செய்த பின்பே தலையை உள்ளே நீட்டுங்கள். ரேடியேற்றரின் மேற்பகுதியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் தடித்த ரப்பர் ஹோஸைக் கையால் தொடர்ந்து செல்லுங்கள். அது எஞ்சினில் முடியும் இடத்திலுள்ள வார்ப்பு உலோக மூடிக்குள்தான் பெரும்பாலான எஞ்சின்களில் தேர்மோஸ்டாட் இருக்கும். சிலிண்டர் ஹெட்டிலிருந்து வெளியேறும் கொதிநீர் முழுவதும் இவ்விடத்தைக் கடந்தாக வேண்டியிருப்பதால், அந்த மூடியிலோ, அதற்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஹெட்டிலோதான் பொதுவாகச் சென்சரைப் பதித்திருப்பார்கள். ஆறுமூலைத் தலை, பித்தளை உடல், மேலே பிளாஸ்டிக் கொனெக்டர், அதிலிருந்து இரண்டு மெல்லிய வயர்கள் என்பது அடையாளம். இதே உருவத்தில் இன்னும் சில உறவினர்கள் எஞ்சினில் இருக்கிறார்கள் என்பதையும் மறக்கக்கூடாது: உயரழுத்த டீசல் பம்பில் எரிபொருள் வெப்பநிலைச் சென்சர், காற்று உள்ளே வரும் பாதையில் காற்றுச் சென்சர். கூலன்ற் ஓடாத உலோகத்தில் பதிந்திருப்பது கூலன்ற் சென்சராக இருக்க முடியாது. டீசல் பம்பில் உள்ளதைக் கழற்றினால் வீணாக எரிபொருளும் கசியும், காற்றும் உள்ளே போகும்.

சென்சரைக் கண்டவுடன் ஸ்பனரை எடுக்க வேண்டாம். முதலில் கொனெக்டரைப் பூட்டு நாக்கை அழுத்திக் கழற்றி, உள்ளே வெளிச்சம் அடித்துப் பாருங்கள். வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஓடும் வண்டிகளில் நான் சென்சரைவிடக் கொனெக்டரையே அதிகம் குறை சொல்வேன். பின்களில் பச்சை நிறத்தில் களிம்பு பூத்திருக்கும். வயரின் தோல் நன்றாக இருந்தும் உள்ளே செம்பு கறுத்துப் பொடியாகியிருக்கும். வெள்ளத்தில் அச்சு மூழ்க ஓடிய வண்டியில் ரப்பர் வளையத்துக்குள் சேறே படிந்திருக்கும். வயரை மெதுவாக இழுத்துப் பாருங்கள். நீண்டு கொடுத்தால் உள்ளே அறுந்துவிட்டது. களிம்பு மட்டும்தான் என்றால் மின்தொடர்பு துப்புரவாக்கும் ஸ்பிரேயால் கழுவி, காயவிட்டுப் பொருத்தினாலே பல வேளைகளில் ஊசி எழுந்துவிடும், செலவும் மிச்சம்.

கொனெக்டர் சுத்தமாக இருந்தும் பலனில்லையென்றால் மல்ரிமீற்றர் ஒன்று வேண்டும். சாவியை மூடிவிட்டு, சென்சரின் இரண்டு பின்களுக்கும் இடையில் தடையை அளந்து பாருங்கள். பரவலாகப் பயன்படும் ஒரு வகைச் சென்சர் 20 பாகையில் ஏறத்தாழ 2,500 ஓம், 80 பாகையில் ஏறத்தாழ 320 ஓம் காட்டும். புத்தகங்களில் 20 பாகைக்குரிய எண்ணே அச்சாகியிருக்கும். களுவாஞ்சிகுடியில் நிழலில் நிற்கும் லொறி 30 பாகையில் இருக்கும் என்பதால் 1,700 ஓம் அளவில் காட்டினால் பயப்பட வேண்டாம், அது சரியே. மீற்றர் எண்ணே காட்டாமல் முடிவிலிக் குறியில் நின்றால் சென்சர் உள்ளே அறுந்துவிட்டது. உங்கள் எஞ்சினுக்குரிய சரியான அட்டவணை அதன் வேலைத்தலக் கையேட்டில் இருக்கும்; மேலே சொன்ன எண்கள் திசைகாட்டுவதற்கே.

அடுத்து வயர்ப் பக்கம். சாவியை ஒன் நிலைக்குத் திருப்பி, எஞ்சினை ஓட்டாமல், கழற்றிய கொனெக்டரின் இரண்டு முனைகளுக்கும் இடையில் வோல்ற்றை அளந்தால் 5 வோல்ற்றுக்கு அருகில் வர வேண்டும். லொறியில் இரண்டு பெற்றரி சேர்ந்து 24 வோல்ற் இருந்தாலும் இங்கே 5தான். 24 வந்தால் எங்கோ வயர் உரசிச் சேர்ந்துவிட்டது. ஒன்றுமே வராவிட்டால் ஈசியு வரையான வயரைத் தேட வேண்டும், புதுச் சென்சர் வாங்குவது வீண். ஸ்கேனர் கைவசம் இருந்தால் இன்னொரு உறுதியான சோதனை உண்டு: அந்த இரண்டு முனைகளையும் சிறு வயர்த்துண்டால் ஒரு கணம் இணைத்தால் திரையில் மறை 40 நின்ற இடத்தில் நூறைத் தாண்டிய வெப்பநிலை தோன்ற வேண்டும். தோன்றினால் ஈசியுவும் வயரும் சுகம், குற்றவாளி சென்சர்தான். இரண்டு வயர் சென்சருக்கு மட்டுமே இதைச் செய்யுங்கள். மூன்று வயர் உள்ளதில் வயர்ப்படம் பார்க்காமல் எதையும் இணைக்கக்கூடாது.

மாற்றும் வேலையை நீங்களே செய்யலாம், எஞ்சின் கை வைக்கக்கூடிய அளவுக்கு ஆறியிருந்தால். ரேடியேற்றர் மூடி 0.9 பார் அளவிலான மேலதிக அழுத்தத்தைத் தாங்குவதென்றால், அதற்குள் தண்ணீர் 118 பாகை வரையிலும் கொதிக்காமல் இருக்கும். சூட்டோடு மூடியைத் திறந்தவுடன் அழுத்தம் விழுந்து, அவ்வளவு நீரும் ஒரே கணத்தில் கொதித்து முகத்துக்கு எழும். ஆறிய பின் மூடியைத் திறந்து, பெற்றரியின் மறை முனையைக் கழற்றி, ரேடியேற்றரின் அடிக் குழாயைத் திறந்து சென்சர் மட்டத்துக்குக் கீழே இறங்கும் அளவு கூலன்றைச் சுத்தமான பாத்திரத்தில் இறக்குங்கள். முழுவதையும் இறக்கத் தேவையில்லை. பல சென்சர்களுக்கு 19 மில்லிமீற்றர் நீள்சொக்கட் பொருந்தும். திறந்த வாய் ஸ்பனரால் பக்கவாட்டில் இழுத்தால் பிளாஸ்டிக் தலை உடைந்து, பித்தளை அடி மட்டும் உள்ளே மாட்டிக்கொள்ளும். அதைப் பிடுங்குவது அரை நாள் வேலை.

கழன்று வந்த பழைய சென்சரின் நுனியைக் கவனியுங்கள். வெண்மையான சுண்ணாம்புப் படிவு அப்பியிருந்தால், சென்சர் நல்லதாக இருந்தாலும் சூட்டை உணரத் தாமதிக்கும். எஞ்சின் முழுவதும் இதே படிவு இருக்கிறதென்ற செய்தியையும் அது தருகிறது. புதியதை வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டு செல்லுங்கள். புரி பொருந்துகிறது, கொனெக்டர் பொருந்துகிறது என்பதோடு திருப்தி அடைய வேண்டாம்: உருவம் ஒன்றாகவும் தடைக் கணக்கு வேறாகவும் உள்ள சென்சர்கள் ஏராளம். அவற்றைப் பூட்டினால் ஊசி வேலை செய்யும், ஆனால் பொய் சொல்லும். என் கணிப்பில் இது ஊசி கிடப்பதைவிடக் கெட்டது. உடலில் பொறித்த எண்ணை ஒப்பிடுங்கள். எண் அழிந்திருந்தால் கடையில் வைத்தே மல்ரிமீற்றரால் அளந்து வாங்குங்கள். பூட்டுமுன் வீட்டில் இன்னொரு சோதனையும் செய்யலாம். மட்டக்களப்பு கடல் மட்டத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் ஏறத்தாழ 100 பாகையில் கொதிக்கும். கொதிக்கும் நீரில் சென்சரின் நுனி மட்டும் அமிழும்படி, பாத்திரத்தின் அடியில் முட்டாமல் பிடித்து அளந்தால் மேற்சொன்ன வகை 180 முதல் 190 ஓம் வரை காட்டும்.

செம்பு வொஷர் இருந்தால் புதியதைப் போடுங்கள். நசுங்கிய பழையது இரண்டாம் முறை நசுங்காது, கசியும். வொஷர் இல்லாமல் சாய்வான புரி கொண்ட வகைக்குப் புரியில் சிறிதளவு சீலன்ற் போதும். தேர்மோஸ்டாட் மூடி பெரும்பாலும் அலுமினியம் என்பதால் முதலில் கையால் புரி பிடிக்கும்வரை திருகி, பிறகு மிதமாக இறுக்குங்கள். குழாய் பொருத்துவது போல இழுத்து முறுக்கினால் புரி போய்விடும். ஒற்றை வயர் சென்டர்களின் புரியில் வெள்ளை டேப் சுற்றும் வழக்கமும் நம்மிடம் உண்டு. அவற்றுக்கு எர்த் அந்தப் புரி வழியாகவே கிடைப்பதால், டேப் அதைத் தடுத்து ஊசியைத் தாழ்த்திவிடும். இரண்டு வயர் வகைக்கு அந்தக் கவலை இல்லை.

கூலன்றைத் திரும்ப ஊற்றிய பின் காற்றை வெளியேற்றாமல் வேலை முடியாது. மூடியைத் திறந்தபடி எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, மேல் ஹோஸ் சூடாகும் வரை காத்திருங்கள். அது திடீரென்று சூடாவது தேர்மோஸ்டாட் திறந்ததன் அடையாளம், எஞ்சினுக்கு ஏற்பப் பெரும்பாலும் 76 முதல் 85 பாகைக்குள் அது தொடங்கும். அப்போது குமிழிகளோடு மட்டம் இறங்கும். மெதுவாக நிரப்பி, மூடியை இட்டு, மறுநாள் காலை ஆறிய எஞ்சினில் மட்டத்தை மீண்டும் பாருங்கள். குமிழிகள் ஓயாமல் வந்துகொண்டே இருந்தால் அது ஹெட் காஸ்கட் பிரச்சினை, சென்சர் கணக்கில் சேராது. பிழைக் குறியீட்டை ஸ்கேனரால் அழித்துவிடுங்கள்.

பதுளை லோட் பற்றி: இந்த வேலை முடியும்வரை போக வேண்டாம். செங்கலடியிலிருந்து மகாஓயா வரை சமதரை என்பதால் ஒன்றும் தெரியாது. பிபிலை தாண்டி லுணுகலை, பசறை ஏற்றத்தில் பாரத்தோடு தாழ்ந்த கியரில் போகும்போதுதான் எஞ்சின் உண்மையில் சூடாகும். அப்போது உங்களிடம் ஊசி இல்லை. ஊசி சரியான பின்னும் ஒன்றை நினைவில் வைத்திருங்கள்: சென்சர் தண்ணீரில் நனைந்திருந்தால்தான் தண்ணீரின் சூட்டைச் சொல்லும். ஹோஸ் வெடித்துக் கூலன்ற் போய்விட்டால் அது காற்றில் நிற்கும்; எஞ்சின் எரிந்துகொண்டிருக்கையில் ஊசி கீழே இறங்கும். ஏற்றத்தின் நடுவில் ஊசி சட்டென்று விழுந்தால் எஞ்சின் ஆறிவிட்டது என்று மகிழாமல், உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றுவது ஹெட்டை வெடிக்கச் செய்யும் சுருக்கு வழி.

கேள்வி: என்னுடையது பழைய லொறி, ஈசியு எதுவும் இல்லை. பகலில் ஊசி நடுவில் நிற்கிறது; இரவில் ஹெட்லைட் போட்டவுடன் மேலே ஏறுகிறது, அணைத்தால் இறங்குகிறது. சென்டரை மாற்றவா? – அக்கரைப்பற்று வாசகர்.

பதில்: மாற்ற வேண்டாம். விளக்கைப் போட்ட கணத்தில் பல லீற்றர் தண்ணீரின் சூடு ஏறாது; ஏறியது மின்சாரத்தின் கணக்கு மட்டும். எஞ்சினையும் சசியையும் (வண்டியின் அடிச்சட்டம்) பெற்றரியின் மறை முனையையும் இணைக்கும் பின்னல் எர்த் வயர்களில் ஒன்று துருப்பிடித்திருக்கிறது, அல்லது மீற்றர் பலகையின் எர்த் தளர்ந்திருக்கிறது. விளக்கு எரியும்போது அதன் மின்னோட்டம் திரும்பச் சரியான வழியின்றி மீற்றரின் கணக்கைக் குழப்புகிறது. ஹெட்லைட் எரிய, எஞ்சின் ஓட, மல்ரிமீற்றரின் ஒரு கம்பியை எஞ்சினின் வெறும் உலோகத்திலும் மற்றதைப் பெற்றரியின் மறை முனையிலும் வையுங்கள். பிறகு எஞ்சினுக்குப் பதிலாகச் சசியில் வையுங்கள். 0.2 வோல்ற்றுக்கு மேல் காட்டும் பக்கம்தான் பழுது. போல்ட்டைக் கழற்றி, இரு பக்கமும் உலோகம் மின்னும்வரை சுரண்டி, இறுக்கிக் கிறீஸ் தடவிவிடுங்கள். உப்புக் காற்றில் இது திரும்பத் திரும்ப வரும் வேலை. ஆண்டுக்கொரு முறை பார்ப்பது நல்லது.

கேள்வி: இங்கே பனியே இல்லையே, கூலன்ற் எதற்கு? கிணற்றுத் தண்ணீர் போதாதா? தேர்மோஸ்டாட்டையும் கழற்றிவிட்டால் எஞ்சின் குளிர்ச்சியாக ஓடும் என்கிறார்கள். – வாழைச்சேனை வாசகர்.

பதில்: கூலன்றில் உறைவைத் தடுக்கும் பொருளோடு துருவையும் அரிப்பையும் தடுக்கும் மருந்துகளும் கலந்திருக்கின்றன, நமக்கு வேண்டியது பின்னது. கனரக டீசல் எஞ்சினில் லைனர் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் உறை) அதிர்வதால் அதன் வெளிச்சுவரில் நுண்குமிழிகள் உண்டாகி வெடித்துக் குழி பறிக்கும். மருந்தற்ற தண்ணீர் அதைத் தடுப்பதில்லை. கரையோர மணற்கிணறுகளின் நீரில் உப்பும் சுண்ணாம்பும் உண்டு. உப்பு அலுமினியத்தை அரிக்கும், சுண்ணாம்பு சென்சரின் நுனியிலிருந்து ரேடியேற்றர் குழாய் வரை படியும். செறிவாக விற்கும் கூலன்றை வடித்த நீரோடு பாதிக்குப் பாதி கலக்குங்கள். கலந்தே விற்பதில் மேலும் நீர் சேர்க்காதீர்கள்.

தேர்மோஸ்டாட்டைக் கழற்றுவது கெட்ட யோசனை. எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமல் டீசலைக் கூடுதலாகக் குடிக்கும், உள்ளுறுப்புகள் தேயும்; போதாக்குறைக்கு, சில எஞ்சின்களில் அதே தேர்மோஸ்டாட்டின் அடித்தட்டுத்தான் பைபாஸ் வழியை அடைக்கிறது, அது இல்லாவிட்டால் தண்ணீர் ரேடியேற்றருக்குப் போகாமலே சுற்றி எஞ்சின் முன்னையிலும் சூடாகும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் எஞ்சின் கொதிக்கிறதென்றால் ரேடியேற்றரின் முகத்தைப் பாருங்கள்: அறுவடை வயல்களில் ஓடிய வண்டியில் பதரும் வைக்கோல் தூசும் தகடுகளுக்கிடையே இறுகிப் பாயாக விரிந்திருக்கும். எஞ்சின் பக்கமிருந்து வெளிநோக்கி மிதமான அழுத்தத்தில் தண்ணீர் அடித்தால் வந்துவிடும். இறக்கிய பழைய கூலன்றை மட்டும் வாவிப் பக்கத்துக் கானில் ஊற்றிவிடாதீர்கள், திறந்த பாத்திரத்திலும் வைக்காதீர்கள். அது நச்சு, இனிப்புச் சுவை இருப்பதால் நாயும் ஆடும் தேடி வந்து குடிக்கும்.